நடுவழியில் நிற்கிற கார் சர்வீஸ் சென்டரில் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது: குறையை எப்படிக் கண்டுபிடிக்க வைப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஆறு வருடம் ஓடிய பெட்ரோல் கார், மேனுவல் கியர். மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகி, எதுவுமே நடக்காததுபோல ஓடுகிறது. சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை கொண்டுபோய்விட்டீர்கள். முதல் தடவை ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். அடுத்த தடவை இன்ஜினுக்குள் காற்று நுழையும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது தடவை ‘ஸ்கேனரில் கோடு (குறை எண்) எதுவும் இல்லை, டிரையல் பார்த்தோம், குறை தென்படவில்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது ஃப்யூயல் பம்ப் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் படும் பாடு வேறு. சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்ததும் ஒளிந்துகொள்கிற குறையை அவர்கள் கண்ணில் படவைப்பது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். முதல் பாதி ஸ்கேனரும் மல்ட்டிமீட்டருமாக எலக்ட்ரிக்கல் குறைகளைத் தேடும் வேலை. பிற்பாதி முன் மேசையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் சொல்லும் புகாரை ஜாப் கார்டில் எழுதும் வேலை. அதனால் மேசைக்கு இந்தப் பக்கம் என்ன சொல்லப்படுகிறது, அது உள்ளே வேலை செய்கிறவரிடம் போய்ச் சேரும்போது என்னவாகிறது என்று இரண்டையும் பார்த்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டியைத் தொடாமல், எழுதியதை மட்டும் படித்து ‘இந்தப் பாகம்தான்’ என்று யாரும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. எந்தப் பக்கம் தேட வேண்டும், எந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

அதற்கு முன் பாதுகாப்பு. ஓடும் வண்டியில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடலாம். பிரேக்கும் கல்போல் ஆகிவிடும், ஆனால் உடனே அல்ல. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே சீராக, அழுத்தமாக மிதியுங்கள். ஹஸார்டு விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது சாவியைக் கடைசிவரை திருப்பி உருவிவிட வேண்டாம், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். குறை பிடிபடும்வரை வேகமான பெருஞ்சாலையிலும் ரயில்வே கிராசிங் இருக்கிற வழியிலும் இந்த வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது. வண்டி மாதத்துக்கு இரண்டு தடவைதானே நிற்கிறது என்று நினைக்காதீர்கள். எந்த இரண்டு தடவை என்பது நம் கையில் இல்லை.

சரி, சர்வீஸ் சென்டரில் ஏன் அகப்படுவதில்லை? ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சர்வீஸ் சென்டரில் இருப்பவர்களிலேயே சிலர் அப்படி நம்புகிறார்கள். இன்ஜின் கம்ப்யூட்டர் தனக்கு வரும் சிக்னல்களை மட்டும்தான் பார்க்கிறது. ஒரு சென்சாரின் சிக்னல் எல்லை தாண்டினாலோ, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் காணாமல் போனாலோதான் கோடு எழுதும். பல கோடுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறை வர வேண்டும். அதுவரை அது ‘பெண்டிங்’ என்ற தனிப் பட்டியலில் காத்திருக்கும், டாஷ்போர்டில் விளக்கும் எரியாது. இன்ஜின் நின்றதை மட்டும் கம்ப்யூட்டர் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். கம்ப்யூட்டருக்கு வரும் மின்சாரமே அறுந்து போயிருந்தால் அதனால் எதையும் எழுதி வைக்க முடியாது. அதன் பார்வையில் நீங்கள் சாவியைத் திருப்பி ஆஃப் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆக, கோடு இல்லை என்றால் குறை இல்லை என்று பொருளல்ல. சென்சார்கள் தொடர்ந்து ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தன, அல்லது கோடு எழுதும் அளவுக்கு நேரம் பேச்சு அறுபடவில்லை, அல்லது கேட்கிறவரே அந்த நேரம் மயங்கிக் கிடந்தார் என்று பொருள். இதுவும் ஒரு துப்புத்தான்.

இன்னொரு காரணம் வேலை நடக்கும் முறை. டெக்னீஷியனுக்கு முன்னால் ஒரு நாளில் பல வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. ஆயில் மாற்றுவதற்கு, பிரேக் பேடு மாற்றுவதற்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு இருக்கிறது. எப்போதாவது வரும் குறையைத் தேட அப்படிக் கணக்கு இல்லை. பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பார், வண்டி பட்டுப்போல ஓடும், அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிற குறை அந்தப் பதினைந்து நிமிடத்தில் வர வாய்ப்பு மிகக் குறைவு. அவர் திறமையில்லாதவர் என்று நினைக்க வேண்டாம். கண்ணால் பார்க்காத குறையை அவரால் நிரூபிக்க முடியவில்லை. அப்போது ஒன்று ‘குறை தென்படவில்லை’ என்று எழுதுகிறார்கள், இல்லையென்றால் வழக்கமாகக் கெடும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது.

இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது. வண்டி நிற்கிற அந்த இரண்டு நிமிடம் அதற்குள் இருப்பது நீங்கள் மட்டும்தான். டெக்னீஷியனுக்குக் கிடைக்கவே கிடைக்காத சாட்சியம் உங்களிடம் இருக்கிறது. ஒரு சின்ன நோட்டை டாஷ்போர்டில் வையுங்கள். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும், ஓரம் கட்டிய பிறகு எழுதுங்கள்: ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம் ஆயிற்று, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எந்த கியர், என்ன வேகம், ஏசி ஓடியதா, மழையா வெயிலா, மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினீர்களா, எந்தப் பக்கம் திரும்பினீர்கள், கடைசியாகப் பெட்ரோல் போட்டது எப்போது. நின்ற விதமும் முக்கியம். சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றதா, இருமி இருமி, இழுவை குறைந்து, மிஸ்ஸிங் அடித்து நின்றதா? பொதுவாகச் சட்டென்று நிற்பது மின்சாரம், இக்னிஷன், கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்) பக்கம் கை காட்டும். தள்ளாடி நிற்பது பெட்ரோல், காற்று பக்கம் கை காட்டும். இது பொதுவான சாய்வுதான், சட்டமில்லை. பம்ப்பின் மின் இணைப்பு அறுந்தாலும் வண்டி ஏறக்குறைய சட்டென்றுதான் நிற்கும்.

ஆர்பிஎம் முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப்போல மலிவான, நல்ல துப்பு வேறில்லை. வண்டி கியரில் ஓடிக்கொண்டிருக்கிறது, கிளட்ச்சை நீங்கள் மிதிக்கவில்லை, இன்ஜின் எரிவது நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கிராங்க் சென்சார் நன்றாக இருந்தால் அந்தச் சுற்றலை அது எண்ணிக்கொண்டே இருக்கும், முள்ளும் வண்டி வேகத்தோடு மெல்ல மெல்லத்தான் இறங்கும். வண்டி நல்ல வேகத்தில் உருண்டுகொண்டிருக்க, முள் மட்டும் பட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் முதலில் சந்தேகிக்க வேண்டும், அல்லது கம்ப்யூட்டருக்கு வரும் மின்சாரத்தை. முள்ளோடு சேர்ந்து மீட்டர் முழுவதும் இருண்டு போனால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ் இணைப்பு, இக்னிஷன் சுவிட்ச் பக்கம் போக வேண்டும். மீட்டர் விளக்குகள் எரிகின்றன, ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் சிவப்பாக வந்துவிட்டன என்றால் இன்ஜின் மட்டும் நின்றிருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. முள்ளை நினைவில் வைப்பது கஷ்டம், அந்த நேரத்தில் கண் சாலையில்தான் இருக்க வேண்டும். அதனால் மீட்டரைப் பார்த்தபடி ஒரு பழைய கைப்பேசியையோ டேஷ் கேமராவையோ பொருத்தி ஓடவிடுங்கள். நான் முன் மேசையில் இருந்தபோது அப்படி ஒரு பத்து விநாடி வீடியோ கொண்டுவந்தவரின் வண்டிக்கு உடனே முன்னுரிமை கொடுத்திருக்கிறேன்.

ஓரம் கட்டியதும், திரும்ப ஸ்டார்ட் ஆவதற்கு முன், மூன்றே மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் கம்ப்யூட்டர் உயிரோடு இல்லை என்ற சந்தேகம் வரும், கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான மெயின் ரிலேயும் அதன் ஃபியூஸும் எர்த்தும் பார்க்கப்பட வேண்டும். இரண்டு, அதே நேரத்தில் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி ‘ம்ம்’ என்று பம்ப் சத்தம் கேட்கிறதா? நல்ல நாளில் ஒரு தடவை கேட்டு, உங்கள் வண்டியில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று பழகி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா? இன்ஜின் சுற்றுகிறது, முள் பூஜ்யத்திலேயே ஒட்டிக்கிடக்கிறது என்றால் மறுபடியும் கிராங்க் சென்சார். சில வண்டிகளில் செல்ஃப் நேரத்தில் முள் அசையாது. அதையும் நல்ல நாளிலேயே பார்த்து வைத்துவிட்டால் குழப்பமில்லை. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) விளக்கு, அதாவது சாவிப் படம் போட்ட விளக்கு, வேகமாக மின்னுகிறதா என்பதையும் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தில் வண்டி சரியாகிவிடுகிறது என்பதால், துப்பு உயிரோடு இருப்பதும் அந்தக் கால் மணி நேரம்தான்.

நோட்டு எழுதுவதால் என்ன ஆகும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், உங்களுக்கு இருப்பதைப் போன்ற புகாரோடு வந்தார். இரண்டு தடவை நானே ‘குறை தென்படவில்லை’ என்று எழுதி அனுப்பியிருந்தேன். மூன்றாவது தடவை அவர் கோடு போட்ட நோட்டில் ஒன்பது பதிவுகளோடு வந்தார். தேதி, நேரம், இடம் எல்லாம் அழகான கையெழுத்தில். படிக்கும்போது ஒன்று உறுத்தியது. ஒன்பதில் ஏழு தடவை வலது பக்கம் திரும்பி, உடனே ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது நின்றிருக்கிறது. வேகத்தில், வெயிலில், பெட்ரோல் அளவில் எந்த ஒற்றுமையும் இல்லை. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, கம்பியால் இன்ஜினை மெல்ல அசைத்துக்கொண்டே கிராங்க் சென்சாருக்குப் போகும் வயரைப் பின்தொடர்ந்தோம். பேட்டரி தட்டுக்குக் கீழே, ஒரு இரும்பு பிராக்கெட்டின் விளிம்பில் ஹார்னெஸ், அதாவது வயர் கட்டு, உரசிக்கொண்டிருந்தது. மேலே சுற்றியிருந்த கறுப்பு டேப் பளபளவென்று தேய்ந்து, உள்ளே ஒரு வயரின் தோல் நெல்மணி அளவுக்கு உரிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. இன்ஜின் பாரம் ஏறிச் சாயும்போது மட்டும் அந்தச் செம்பு பிராக்கெட்டைத் தொடும். சென்சார் புதிதாக வாங்கி மாட்டியிருந்தாலும் குறை போயிருக்காது. வயரை ஒட்டவைத்து, உறை போட்டு, கிளிப்பை இடம் மாற்றினோம். ஒரு பாகமும் மாற்றவில்லை. அந்த நோட்டு இல்லாமல் நான் மூன்றாவது தடவையும் அதே வார்த்தையைத்தான் எழுதியிருப்பேன்.

உங்கள் வண்டிக்கு வருவோம். சூடாக ஓடும்போது நிற்பது, கால் மணி ஆறினால் எழுந்துகொள்வது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சூட்டில் கெடுகிற பாகம் என்று நினைப்பது நியாயம். அனுபவத்தில் முதலில் நினைவுக்கு வருவது கிராங்க் சென்சார். அது இன்ஜினோடு ஒட்டிய இடத்தில் இருக்கிறது, உள்ளே மெல்லிய கம்பிச் சுருளோ சின்ன எலக்ட்ரானிக் துண்டோ இருக்கிறது. சூட்டில் விரியும்போது இணைப்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஆறிய நிலையில் மீட்டர் வைத்து அளந்தால் தேறிவிடும், அதனால்தான் ஏமாற்றுகிறது. அடுத்தது ஃப்யூயல் பம்ப். பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்தால் சூட்டில் நின்று, ஆறியதும் ஓடும். டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர்விக்கிறது என்பதால் டேங்க் காலியாக இருக்கும்போது நிற்பது அதிகம் என்றால் பம்ப் மேல் சந்தேகம் கூடும். மூன்றாவது ரிலே. அதன் உள்ளே சால்டர் வைத்த இடத்தில் மயிரிழை விரிசல் விழும். மூடியைக் கழற்றி பூதக்கண்ணாடியில் பார்த்தால் பின்னைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் தெரியும். அப்புறம் இக்னிஷன் சுவிட்சின் தேய்ந்த காண்டாக்ட், இக்னிஷன் காயில், தளர்ந்த பேட்டரி டெர்மினல், துருப்பிடித்த எர்த் வயர். இந்த வரிசை என் அனுபவச் சாய்வு மட்டும்தான், உங்கள் வண்டியின் தீர்ப்பு இல்லை.

சில ஒத்துப்போகாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், நோட்டில் இவை வந்தால் திசை மாறும். சிக்னலில் வேகம் குறைத்து நிறுத்தப் போகும்போது மட்டும் நிற்கிறது என்றால் ஐடிலிங் சம்பந்தப்பட்டது: த்ராட்டில் பாடியில் கார்பன், எங்கோ காற்றுக் கசிவு, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியது. பெட்ரோல் போட்ட கொஞ்ச நேரத்தில் நின்று, திரும்ப ஸ்டார்ட் செய்யக் கஷ்டப்பட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடித்தால் எழுந்துகொள்கிறது என்றால், டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தே கிடக்கலாம். ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் நிற்பது இம்மொபிலைசரின் பழக்கம். உங்கள் பிளக்கும் த்ராட்டில் பாடியும் ஓடும் வேகத்தில் சட்டென்று நிற்பதற்குக் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்த வேலைகள் வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் புகாருக்கு அவை பதிலில்லை.

இனி சர்வீஸ் சென்டரில் பேசுவது. ‘ஃப்யூயல் பம்ப் மாற்றுங்கள்’ என்றோ ‘சென்சார் கெட்டுவிட்டது’ என்றோ நீங்கள் சொல்லாதீர்கள். சொன்னால் அதை மட்டும் செய்வார்கள், குறை போகாவிட்டால் நீங்கள் கேட்டதைத்தானே செய்தோம் என்பார்கள். அறிகுறியை மட்டும் சொல்லுங்கள், சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ‘வண்டி நிற்கிறது, செக் செய்யவும்’ என்ற ஒரு வரியைத்தான் சர்வீஸ் அட்வைசர் அவசரத்தில் எழுதுவார். உள்ளே இருப்பவருக்கு அது எதையும் சொல்லாது. ‘சுமார் முப்பது நிமிடம் ஓடிய பின், மூன்றாவது கியரில், சட்டென்று ஆஃப். ஆர்பிஎம் முள் உடனே பூஜ்யம். மீட்டர் விளக்குகள் எரிந்தன. பதினைந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. கடந்த ஆறு வாரத்தில் ஐந்து தடவை’ என்று இருந்தால் அவர் எங்கே தொடங்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். நோட்டுப் பக்கங்களை நகல் எடுத்து ஜாப் கார்டோடு பின் அடித்துவிடுங்கள். முடிந்தால் டெக்னீஷியனோடு நேரில் ஐந்து நிமிடம் பேசக் கேளுங்கள். மரியாதையாக, அவசரமில்லாமல் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. கோடுகளை அழிப்பதற்கு முன் பெண்டிங் உட்பட எல்லாவற்றையும் படித்துப் பிரிண்ட் தரச் சொல்லுங்கள். கோடு பதிவாகும்போது கம்ப்யூட்டர் அந்தக் கணத்தின் ஆர்பிஎம், வேகம், இன்ஜின் சூடு, பாரம் ஆகியவற்றை ஒரு படம்போலச் சேமித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். கோடை அழித்தால் அந்தப் படமும் போய்விடும், பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலும் போய்விடும். நீங்களும் நிற்கும்போதெல்லாம் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டாதீர்கள். இரண்டாவது, வண்டியை ஒரு வாரம் விட்டுவைக்கிறேன், டெக்னீஷியன் வீட்டுக்குப் போகவர ஓட்டட்டும், உள்ளே டேட்டா லாகர் மாட்டிவிடுங்கள் என்று கேளுங்கள். நின்ற கணத்துக்கு முன்னும் பின்னும் எல்லா சிக்னலும் பதிவாகும். எந்த சிக்னல் முதலில் விழுந்தது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. அவர்களிடம் அந்த வசதி இல்லையென்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் ப்ளூடூத் அடாப்டர் ஒன்றை நீங்களே வாங்கி, கைப்பேசியில் பதிவு செய்யலாம். டீலர் கருவியின் வேகமும் நுட்பமும் அதற்கு வராது, நிறுத்தி வைக்கும்போது கழற்றிவிடவும் வேண்டும், ஆனாலும் ஆர்பிஎம் சிக்னல் எப்போது அறுந்தது, வோல்ட்டேஜ் எவ்வளவு இருந்தது என்று காட்டும்.

மூன்றாவது, குறையை வரவழைக்கும் சோதனைகள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஹீட் கன்னால் கிராங்க் சென்சாரையும் ரிலேயையும் தனித்தனியே மிதமாகச் சூடுபடுத்தலாம். நின்றதும் குளிர் ஸ்பிரே அடித்தால் உடனே எழுந்துகொள்கிறதா என்று பார்த்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போதே கப்ளர்களையும் (வயர்களை இணைக்கும் சாக்கெட்டுகள்) ஹார்னெஸையும் அங்கங்கே அசைத்துப் பார்க்கலாம். எல்லா விளக்கும் ஏசியும் போட்டு, இன்ஜின் ஓடும் நிலையில் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் வயர் சரியில்லை. பேட்டரி முனைகளில் இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட்வரை இருக்க வேண்டும், நிறுத்தி ஓய்ந்த பின் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். புதுக் கார்கள் சிலவற்றில் சார்ஜிங்கை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும் என்பதால் ஓடும்போது காட்டும் எண் கொஞ்சம் மாறலாம்.

பம்ப் மாற்றலாம் என்று அவர்கள் சொல்வதை உடனே மறுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். ‘எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பம்ப் குற்றவாளி என்றால் அளந்து காட்ட முடியும். வழக்கமான போர்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜின்களில் ஃப்யூயல் பிரஷர் 3 முதல் 4 பார் அளவில் இருக்கும். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உண்டு. பிரஷர் கேஜை மாட்டி, கண்ணாடியில் தெரியும்படி கட்டி, அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் நிற்பதற்கு முன் பிரஷர் விழுகிறதா என்பது தெரிந்துவிடும். பம்ப் இழுக்கும் ஆம்பியரை கிளாம்ப் மீட்டரால் பார்த்தால் பிரஷ் தேய்மானமும் ஓரளவு தெரியும். பிரஷர் விழுந்தாலும் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. பம்ப் கப்ளரில் பேட்டரிக்கு நெருக்கமான வோல்ட்டேஜ் வருகிறதா என்று அதே நேரத்தில் பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் குறை ரிலேயிலோ வயரிலோ இருக்கிறது; புதுப் பம்ப்பும் அதேபோல நிற்கும். ‘அனுபவத்தில் சொல்கிறோம்’ என்றுதான் பதில் வந்தால், மாற்றியும் குறை போகாவிட்டால் பழையதை மாட்டிப் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் இன்னொன்று. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு (ரீகால்) ஏதும் நிலுவையில் உண்டா, தெரிந்த குறைகளைப் பற்றி நிறுவனம் சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் உண்டா, கம்ப்யூட்டருக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். இது சம்பிரதாயக் கேள்வி இல்லை. 2014ல் ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் குறைக்காகச் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடும்போதே சுவிட்ச் நழுவி, இன்ஜின் நின்று, ஏர்பேக்கும் செயலற்றுப் போனது. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. சாவிக்கொத்தின் கனம்கூட அந்தச் சுவிட்சை நழுவவைத்தது என்பதால், உங்கள் சாவியில் பெரிய கொத்து தொங்கினால் இன்றே கழற்றிவிடுங்கள். 2020 முதல் டென்சோ தயாரித்த ஃப்யூயல் பம்ப்புக்காக டொயோட்டா, ஹோண்டா உட்படப் பல நிறுவனங்கள் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தன. பம்ப்புக்குள் சுழன்று பெட்ரோலைத் தள்ளும் பிளாஸ்டிக் இம்பெல்லர் ஊதிச் சிக்கிக்கொண்டு ஓடும் வண்டி நிற்கலாம் என்பதுதான் காரணம். உங்கள் வண்டி அப்படி ஒரு பட்டியலில் இருந்தால் பம்ப்பை இலவசமாகவே மாற்றித் தர வேண்டும். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லும்போது எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். ‘சென்சாரைச் சூடாக்கியதும் நின்றது, ஆற்றியதும் ஓடியது’ என்பதுபோலக் காரணமும் விளைவும் சேர்ந்த பதில் வந்தால் நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம். ‘மாற்றினோம், டிரையலில் நிற்கவில்லை’ என்றால் பழைய நிலைமைதான். முன்பும் டிரையலில் நிற்கவில்லையே. கழற்றிய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டையும் உடனே மூடிவிடாதீர்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை நின்ற வண்டி குறைந்தது இரண்டு மாதம், பழைய அதே ஓட்டத்தில், அதே சூட்டில் நிற்காமல் ஓடினால்தான் நான் சரியாகிவிட்டது என்று சொல்வேன்.

இப்போதைக்கு அடுத்த தடவை நிற்கும்போது ஆர்பிஎம் முள், பம்ப் சத்தம், செக் இன்ஜின் விளக்கு ஆகிய மூன்றையும் மட்டும் பார்த்து எழுதுங்கள். டேங்கில் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு வரி கிடைத்தால் பம்ப்பா, சென்சாரா, ரிலேயா என்பதில் எந்தப் பக்கம் முதலில் போக வேண்டும் என்று இதைவிட உறுதியாக எழுதுகிறேன். அதுவரை பம்ப்புக்குச் சம்மதம் சொல்லாமல் பிரஷர் அளவீட்டைக் கேட்டு நிறுத்தி வையுங்கள்.